அண்ணைக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் போகலாம்?

கேள்வி: நான் முல்லைத்தீவைச் சேர்ந்தவன். போன வருடம் நிலாவெளியில், சிலிண்டரோடு சுழியோடுவதன் முதற்படியான ஓப்பன் வோட்டர் பயிற்சி முடித்தேன். அதற்குப் பிறகு நாலைந்து தடவை இறங்கியிருக்கிறேன். கூடிய ஆழம் 16 மீற்றர். ஆவணியில் கனடாவிலிருந்து மச்சான்மார் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களிடமும் இதே சான்றிதழ்தான். எங்கள் ஊரில் இருபது வருடமாகக் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடும் அண்ணை ஒருவர், 18 பாகத்தில் ஒரு இரும்புக் கப்பல் கிடக்கிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்கிறார். “எனக்குப் பின்னாலை வாங்கோ, மிச்சத்தை நான் பார்ப்பன்” என்கிறார். அந்தக் கடலை அவரைப் போல் அறிந்தவர் இல்லை. அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது 18 மீற்றர் எல்லை என்பது வெறும் கடதாசிக் கணக்குத்தானே? வேண்டாம் என்றால் அவர் மனம் நோகுமே என்றும் யோசனையாக இருக்கிறது.

பதில்: தம்பி, இந்த ஆவணியில் அந்தக் கப்பலுக்குப் போக வேண்டாம். மச்சான்மாரையும் அனுப்ப வேண்டாம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தை வாசிக்கும்போது மனதால் நீங்கள் பாதி வழி போய்விட்டீர்கள் என்றே தெரிகிறது. சான்றிதழுக்காக நான் இதைச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் யாரும் வந்து அதைக் கேட்கப் போவதில்லை.

ஆழத்திலிருந்து தொடங்குவோம். கடலில் தொழில் செய்பவர்கள் பாகத்தில் பேசுவார்கள். உங்கள் பயிற்சி மீற்றரில் நடந்தது. இரண்டிலும் 18 என்று வருவதால் காதுக்குப் பழகிய ஆழம் போல இருக்கும். 18 பாகம் ஏறத்தாழ 33 மீற்றர். ஓப்பன் வோட்டர் முடித்தவருக்கு 18 மீற்றர், அடுத்த படியான அட்வான்ஸ்ட் முடித்தவருக்கு 30, ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவருக்கு 40. பெரிய பயிற்சி அமைப்புகள் இப்படித்தான் எல்லை வைத்திருக்கின்றன. அண்ணை காட்டும் இடம் உங்களுக்கு இரண்டு படி தள்ளி இருக்கிறது.

இந்த எல்லைகளை யாரும் மனம்போன போக்கில் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். கரையில் இருக்கும் ஒன்றையும் சேர்த்தால் 33 மீற்றரில் மொத்தம் 4.3. கரையில் நின்று மூச்சு விட உங்களுக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்றுப் போதும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் அதே மூச்சுக்கு 86 லீற்றர் போகும். 11 லீற்றர் சிலிண்டரை 200 பாருக்கு (பார் என்பது காற்று மானி காட்டும் அமுக்க அளவு) நிரப்பினால் உள்ளே இருப்பது 2200 லீற்றர். மேலே வருவதற்கு ஒரு மூச்சுக்கூட மிச்சம் வைக்காமல் இழுத்தால் 25 நிமிடம். புதியவர், அதிலும் கொஞ்சம் பயந்தவர், நிமிடத்துக்கு 30 லீற்றரும் இழுப்பார். அவருக்கு 17 நிமிடம்.

அமுக்கத்தில் உடலில் கரையும் நைதரசனின் கணக்கு இன்னும் இறுக்கமானது. பரவலாகப் பயன்படும் அட்டவணை ஒன்றின்படி, அந்த நைதரசன் வெளியேற வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வரக்கூடிய நேரம் 18 மீற்றரில் 56 நிமிடம், 30இல் 20 நிமிடம், 35இல் 14 நிமிடம். 33க்குத் தனி வரி கிடையாது. அடுத்த ஆழத்தைத்தான் எடுக்க வேண்டும். ஆக 14 நிமிடம், அதுவும் இறங்கத் தொடங்கும் நொடியிலிருந்து. நிலாவெளியில் முக்கால் மணி நேரம் ஆறுதலாகச் சுற்றிப் பழகியவருக்கு இந்த 14 நிமிடம் எப்படிப் போனது என்றே தெரியாது.

இதோடு 30 மீற்றர் அளவில் பலருக்கு நைதரசன் மயக்கமும் வரும். லேசான வெறி மாதிரி. காற்று மானியைப் பார்ப்பீர்கள், 90 என்று கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது கூடவா குறைவா என்று மூளையில் ஏறாது. ஆபத்தில் இருக்கிறோம் என்ற எண்ணமே வராது, நன்றாகத்தான் இருக்கும். அண்ணைக்கு அந்த ஆழம் பழக்கம். அதற்காக மயக்கம் அவரைத் தொடாது என்று இல்லை, அதோடு வேலை செய்யப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கு அது முதல் தடவையாக இருக்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரே என்பதுதான் உங்கள் கேள்வி. “மிச்சத்தை நான் பார்ப்பன்” என்று அவர் மனதாரத்தான் சொல்கிறார், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அந்தச் சொல் 33 மீற்றரில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

நாலு பேர் இறங்குகிறீர்கள். அண்ணை முன்னால், பின்னால் நீங்கள் மூன்று பேர். நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் முகத்துவாரம் வெட்டி நீர் கலங்கும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். கலங்காத நாளிலும் ஒருவர் அடியில் காலை அடித்துவிட்டால் சேறு கிளம்பி ஐந்து மீற்றருக்கு அப்பால் ஆள் நிழலாகிவிடும். கப்பலின் ஓரத்தில் மச்சானின் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுகிறது. அவர் பதறி, மூக்கால் இழுத்து, மேலே பாயப் பார்க்கிறார். அண்ணை திரும்பிப் பார்த்து, வந்து, பிடிக்கிறார். அந்த ஒரு நிமிடம் நீங்களும் மற்ற மச்சானும் எங்கே நிற்கிறீர்கள்? யார் உங்கள் மானியைப் பார்க்கிறார்கள்? இருவர் எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் அவர் யாரின் பின்னால் போவார்? அவருக்கு இருப்பது இரண்டு கைதான். விபத்து நடக்க அவர் கெட்ட மனிதராகவோ கவனமில்லாதவராகவோ இருக்கத் தேவையில்லை; எண்ணிக்கையே போதும்.

அடுத்தது காற்று தீர்ந்துவிட்டால். “என்னிடம் இருந்து தருவேன்” என்பார். தரட்டும், எவ்வளவு? இரண்டு பேர் ஒரே சிலிண்டரில், பதற்றத்தில், ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லீற்றர். அடியில் ஒருவரை ஒருவர் பிடித்து நிதானமாக ஒரு நிமிடம்: சுமார் 260 லீற்றர். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் ஏற நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு: 590 லீற்றர். 5 மீற்றரில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க 270. கூட்டினால் 1120 லீற்றர். அந்த 11 லீற்றர் சிலிண்டரில் இது 100 பார். அதாவது தன் சிலிண்டர் பாதியானதும் அண்ணை எல்லோரையும் கூட்டிக்கொண்டு அடியை விட்டுக் கிளம்பினால்தான் அவரால் ஒரே ஒருவரைக் காப்பாற்ற முடியும். அட்டைக்கு இறங்குகிறவர்கள் அப்படிக் கிளம்புவதில்லை. மூச்சு இறுக்கமாக வரும்வரை நின்று அட்டையைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருவார்கள், ஏனென்றால் சிலிண்டருக்கும் எரிபொருளுக்கும் கொடுத்த காசு கடலுக்கடியில்தான் திரும்ப வருகிறது. அந்தப் பழக்கம் இருபது வருடம் ஊறியது. இன்னொன்று, அவருடைய ரெகுலேற்றரில், அதாவது சிலிண்டரிலிருந்து மூச்சு எடுக்கும் கருவியில், இரண்டாவது வாய்க்குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றோடு மட்டும் இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் தருவேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அண்ணையைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. காற்று கச்சானா சோளகமா என்று முகத்தில் பட்டவுடன் சொல்வார். நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தக் கல்லில் எந்த மீன் நிற்கும், எஞ்சின் நடுக்கடலில் நின்றால் எங்கே தட்ட வேண்டும், எல்லாம் தெரியும். அந்த அறிவு எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் அவர் இத்தனை வருடமும் தனியாகத் தன் வேலையைப் பார்த்தவர். பின்னால் வரும் மூன்று பேரின் மூச்சுக்குமிழியை எண்ணிக்கொண்டே நீந்துவது வேறு தொழில். அதற்கும் பயிற்சி உண்டு, அது அவருக்குக் கிடைத்திருக்காது. இருபது வருடம் உயிரோடு வந்தார் என்பது அவருடைய உடம்பைப் பற்றிய செய்தி. உங்கள் உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அவருடைய உடம்பைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு. தொழிலுக்குச் சுழியோடுகிறவர்கள் ஒரு நாளில் பல சிலிண்டர் இறங்குகிறார்கள். பின்னேரம் தோளிலும் முழங்காலிலும் உளைவு வரும். வேலைக் களைப்பு என்று நினைத்து எண்ணெய் பூசி, பனடோல் இரண்டு போட்டு, அடுத்த நாள் திரும்ப இறங்குவார்கள். இறங்கினால் அமுக்கத்தில் உளைவு குறையும். அதனால் கடலே மருந்து என்று நம்புகிறவர்களும் உண்டு. அது களைப்பு உளைவு அல்ல. அமுக்கம் குறையும்போது உடலில் கரைந்த நைதரசன் குமிழியாகப் பிரிவதால் வருவது. மூட்டில் வந்தால் வலி. முள்ளந்தண்டு நரம்பில் வந்தால் கால் விறைக்கும், சிறுநீர் போகாது, சிலர் பிறகு எழுந்து நடந்ததே இல்லை. அட்டைக் காசில் வீடு கட்டி, அந்த வீட்டுக்குள் சக்கர நாற்காலியில் இருக்கும் இளம் பிள்ளைகளைக் கண்டவன் நான். மனம் பொறுக்காமல்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். உங்களைக் கூட்டிப் போகும் நாளில் அண்ணை காலையிலேயே இரண்டு சிலிண்டர் தொழில் செய்துவிட்டு வந்தால், உங்களைத் தூக்கிக்கொண்டு விரைந்து மேலே வரும் நிலையில் அவர் உடம்பு இருக்காது. உங்களைக் காப்பாற்றப் போய் அவர் முடங்குவார்.

விபத்து நடந்தால் செய்ய வேண்டியது தூய ஒட்சிசன் கொடுப்பதும், உடலை மறுபடி அமுக்கத்தில் வைத்து மருத்துவம் செய்யும் அமுக்க அறைக்குக் கொண்டுபோவதும். அமுக்க அறை உங்களுக்குக் கிட்ட என்றால் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். கொக்கிளாய்க் கடல்நீரேரி குறுக்கே கிடக்க, தரைவழியே சுற்றிப் போகும் தூரத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். வன்னிக் கரையில் எந்தப் படகில் ஒட்சிசன் போத்தல் இருக்கிறது? 18 மீற்றருக்குள் நிற்பதற்கு எனக்கு இதுவே பெரிய காரணம். உதவி தூரத்தில் இருக்கும் கடலில் எல்லையை இன்னும் உள்ளே இழுத்து வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் அதற்கு மறுபக்கமாகச் செய்கிறார்கள்.

கப்பலைப் பற்றியும் இரண்டு சொல். கடலுக்கடியில் கிடக்கும் இரும்பில் வலை சிக்காமல் இருக்காது. தங்கூசி (நைலோன் நூல்) வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது; சிலிண்டரின் வால்வில் கொழுவினால் உங்கள் கை அங்கே எட்டாது. உள்ளே நுழைவது தனிப் பயிற்சி, இப்போது அந்தப் பேச்சே வேண்டாம். அது போர்க்காலத்தில் தாழ்ந்த கலமாக இருந்தால் உள்ளே வெடிக்காதது ஏதும் கிடக்கலாம். நினைவுக்கு என்று ஒரு துண்டு இரும்பைக்கூடத் தொடக் கூடாது.

இனி வழிகாட்டியோடு போவதே பிழையா என்றால், இல்லை. நானே புதிய கடலில் இறங்கும்போது அந்த ஊர் ஆளைத்தான் தேடுவேன். ஆனால் அவரிடம் வழியைக் கேட்பேன், என் மூச்சை ஒப்படைக்க மாட்டேன். இறங்குவதற்கு முன்னால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் திட்டத்தின் எந்த நிமிடத்திலாவது அண்ணை காணாமல் போனால், நானும் என் சோடியும் எங்கள் காற்றோடு, எங்கள் அறிவோடு, உரிய வேகத்தில் மேலே வந்து படகைப் பிடிப்போமா? ஓம் என்றால் வழிகாட்டி இருப்பது நன்மை. இல்லை என்றால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இறங்கக் கூடாது. நிலாவெளியில் 16 மீற்றரில் உங்களால் ஓம் என்று சொல்லியிருக்க முடியும். 33இல் முடியாது.

அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள், தங்கையின் தாலியை நினைத்துக் கவனமாக இழுப்பான் என்று. அவ்வளவு நம்பிக்கையிலும், மேலே வர வேண்டும் என்று கயிற்றை அசைப்பவன் கீழே இருப்பவன்தான். தன் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கும் அப்படித்தான். பெருவிரலை மேலே காட்டினால் நம் ஊரில் நல்லது என்று அர்த்தம், தண்ணீருக்குள் மேலே போவோம் என்று அர்த்தம். மூன்று பேரில் யார் காட்டினாலும், காரணம் கேட்காமல், எல்லோரும் ஏறத் தொடங்க வேண்டும். இதைக் கரையில் வைத்தே, அண்ணைக்கும் முன்னால், பேசி முடியுங்கள். பயிற்சி நிலையத்தோடு போனாலும் இதே கதைதான். மானியை நீங்களே பாருங்கள், உங்கள் கையில் உங்கள் டைவ் கொம்பியூட்டர் இருக்கட்டும். வழிகாட்டியின் கொம்பியூட்டர் அவர் நின்ற ஆழத்தைத்தான் கணக்கு வைக்கும். அவருக்கு இரண்டு மீற்றர் கீழே நீந்தியவருக்கு அது உதவாது.

ஆசையை அடக்கச் சொல்லவில்லை. ஆழம் பார்க்க வேண்டுமென்றால் அட்வான்ஸ்ட் பயிற்சிக்குப் போங்கள். அதில் வரும் ஐந்து இறக்கங்களில் ஆழமும் திசையறிதலும் கட்டாயம். அங்கேயும் ஒருவர் உங்களை உங்கள் எல்லைக்கு அப்பால் கூட்டிப் போகிறார்தான், ஆனால் கற்றுக்கொடுப்பதற்காக, படிப்படியாக, நீங்கள் தனியே செய்து காட்டும்வரை. அதற்குப் பிறகு 20, 25 என்று பழகி, ஆழப் பயிற்சியும் முடித்தால், கப்பல் எங்கேயும் ஓடாது, அங்கேதான் கிடக்கும்.

அண்ணையிடம் எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது என்று சொன்னால், “நான் இருக்கிறன் தானே” என்று தொடங்கிவிடுவார். அவருக்குத் தெரியாததைச் சொல்லிக் காட்டவும் போகாதீர்கள், அவரைவிடச் சின்னவர் நீங்கள். வேலையைக் கொடுங்கள்: “அண்ணை, எங்களுக்கு ஒன்பது பாகத்துக்குள்ளைதான் பழக்கம். அதுக்குள்ளை நல்ல கல்லுப்பார் ஒண்டு காட்டுங்கோ, எங்கை வடிவா மீன் நிக்கும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும்.” ஒன்பது பாகம் 16 மீற்றர் சொச்சம். மூன்று பேரும் ஒன்றாகவே நின்று நீங்களே ஒருவரை ஒருவர் பாருங்கள், அவர் முன்னால் வழி காட்டட்டும். படகில் எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். நாலு பேரும் தண்ணீருக்குள் இருக்க வெறும் படகு நங்கூரத்தில் ஆடக் கூடாது. 70 பாரில் திரும்புவது, 50 பாருக்கு மேலே மிச்சத்தோடு படகில் ஏறுவது என்று முதலே முடிவெடுங்கள். அவர் மனம் நோகாது. மச்சான்மார் கனடாவுக்குப் போய் அவர் காட்டிய மீனைப் பற்றிக் கதைப்பார்கள், அதுவும் அவருக்குப் பெருமைதான்.

மச்சான்மாருக்கு ஒன்று. கடைசியாக இறங்கிய பிறகு, ஒரு தடவை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல தடவை இறங்கியிருந்தால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. நான் என்றால் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். ஊருக்கு வருகிறவர்கள் கடைசி நாளில்தான் கடலுக்குப் போவார்கள், அதை முதல் வாரத்துக்கு மாற்றுங்கள்.

இறங்கி ஏறிய பிறகு யாருக்காவது மூட்டு உளைவோ, விறைப்போ, தலைச்சுற்றோ, காரணமில்லாத பெருங்களைப்போ வந்தால் விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையில் முதல் வாக்கியமே சிலிண்டரோடு சுழியோடினோம், இத்தனை ஆழம், இத்தனை நிமிடம் என்று இருக்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் வலி மருந்து தந்து அனுப்பக்கூடும். சொன்னால் ஒட்சிசனைப் போட்டுக்கொண்டே திருகோணமலையோடு பேசுவார்.

ஒரு நாள் வாடியில் அண்ணையோடு தேநீர் குடிக்கும்போது, பின்னேரங்களில் தோள் உளைகிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஓம் என்றால் இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, அடுத்த நாள் அவரைக் கடலுக்கு விடாமல் வைத்தியரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.